சோற்றில் நட்ட குச்சி

எனக்கு எழுத வராது. ஐந்தாவது வரைக்கும்தான் படிப்பு. அதிலும் பாதி நாள் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றதுதான். இப்போது ஞாபகமும் சரியில்லை. முன்னால் நடந்ததைப் பின்னால் சொல்லிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். மாதா கோயில் மலருக்குச் சிரிப்பாக ஏதாவது எழுதித் தரச் சொன்னார்கள். நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி நான் நடந்துகொண்டது ஒரே ஒரு தடவைதான். அதுவும் இங்கே அந்தமான் டாலிகஞ்சில் இல்லை, சிங்கப்பூரில், ஒரு ஜப்பான் சாப்பாட்டுக் கடையில்.

என் வீட்டுக்காரர் டோங்கியில் (சின்னப் படகுதான்) மீன் பிடித்தவர். அவர் தவறிய வாரம் முழுக்கப் பேய் மழை. மெயின்லேண்டிலிருந்து ஒரு விமானமும் இறங்கவில்லை. எங்கள் மகன் ஜெரோம் சிங்கப்பூரில் கப்பல் யார்டில் வேலை செய்கிறான். அடித்துப் பிடித்துச் சென்னை வரைக்கும் வந்துவிட்டான். அதற்கு மேல் வர வழியில்லை. ஏர்போர்ட் நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில்தான் அப்பாவின் அடக்கத்தைப் பார்த்தான். மழை விட்டபிறகு வந்தான். கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றினான். அழவில்லை. எனக்காக ஏன் காத்திருக்கவில்லை என்றும் கேட்கவில்லை. அந்தக் கேள்வி அவன் தொண்டையில் மீன்முள் மாதிரி நிற்பது எனக்குத் தெரியும். கேட்டுவிடுவானோ என்று பயமாக இருந்தது. கேட்காமலே இருந்துவிடுவானோ என்று அதைவிடப் பயமாக இருந்தது.

மறுவருஷம் என்னைச் சிங்கப்பூருக்கு அழைத்துப்போனான். அவர் போனதிலிருந்து நான் மீனைத் தொடுவதில்லை. மருமகள் ஷீலா விதவிதமாகச் சமைத்து வைத்தாள். வெறும் ரசத்தை ஊற்றித் தின்றுவிட்டு எழுந்துவிடுவேன்.

"அந்தமான் மீன் தின்ன நாக்கு. இங்க உள்ள ஐஸ் மீன் எப்படி இறங்கும்?" என்று ஜெரோமே ஒரு காரணம் கண்டுபிடித்தான். "யம்மா, ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஒரு கடைக்குப் போறோம். மீன் அவ்வளவு புதுசா இருக்கும்."

எங்கள் ஊரில் ஜப்பான் என்றால் அந்தக் காலத்து யுத்தத்தில் அவர்கள் கட்டிவிட்டுப் போய், கடற்கரை ஓரத்தில் பாசி பிடித்து நிற்கிற சிமெண்ட் பங்கர்தான். அதை நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். சின்னக் கடை. ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் ஐஸைப் பரப்பி அதன்மேல் மீனைக் கிடத்தியிருந்தார்கள். நான் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்தேன்.

கடைக்காரர் என் வயசுக்காரர். தலையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தார். வந்து குனிந்து வணக்கம் சொன்னார். இங்கே எதிரில் நிற்பவர் வங்காளியோ தெலுங்கரோ நிக்கோபாரியோ, தமிழ் முகம் இல்லையென்றால் எங்கள் வாய் தானாக இந்திக்குத் திரும்பிவிடும். நானும் எழுந்து, "நமஸ்தே பையா, சப் டீக்?" என்றேன். (வணக்கம் அண்ணே, எல்லாம் சுகமா என்று.) அவர் இன்னும் கீழே குனிந்தார். நானும் குனிந்தேன். (அவர் நிறுத்தியிருந்தால் நானும் நிறுத்தியிருப்பேன்.)

"யம்மா, உக்காரு. இப்படியே போனா ரெண்டு பேரும் மேஜைக்கு அடியிலதான் கிடப்பீங்க" என்றான் ஜெரோம்.

மீன் வந்தது. துண்டு துண்டாக, ஓரத்தில் பச்சை நிறத்தில் ஏதோ ஒரு கார உருண்டையோடு. தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

"ஏல, இது வேகவே இல்லியே! அடுப்புல வைக்க மறந்துட்டாரு பாவம்."

"அப்படித்தாம்மா திங்கணும்."

நான் அவனை நம்பவில்லை. வாழ்நாளில் சத்தமாகப் பேசாதவள், அன்றைக்குப் பார்த்து, "பையா, மச்சி கச்சா ஹை!" (அண்ணே, மீன் வேகவில்லை) என்று கூப்பிட்டுவிட்டேன். கடையே திரும்பிப் பார்த்தது. ஷீலா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

சரி, வெறும் சோறாவது தின்போம் என்றால் கையில் இரண்டு குச்சி. கீழே வைத்தால் வழுவழுவென்ற மேஜையில் உருண்டு தரைக்கு ஓடியது. வேறு குச்சி கொடுத்தார்கள். அதுவும் ஓடியது. மூன்றாவது ஜோடியை என்ன செய்தேன் தெரியுமா? டோங்கியில் சோறு பொங்கினால் கரண்டியைச் சோற்றுக்குள் குத்தி நிறுத்திவிடுவார்கள். சும்மா வைத்தால் அலையில் உருண்டு கடலுக்குப் போய்விடும். என் வீட்டுக்காரர் வீட்டிலும் அப்படியே செய்வார். "வீடு என்ன ஆடவா செய்யுது?" என்று கேலி பண்ணுவேன். "ஆடும்போது தெரியும்டி" என்பார். அந்தப் பழக்கத்தில் குச்சி இரண்டையும் கிண்ணத்துச் சோற்றில் நடுவாக நட்டு வைத்தேன்.

கடை அடக்கப் பூசை மாதிரி அமைதியாகிவிட்டது. பக்கத்து மேஜைச் சீன அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். கடைக்காரர் தலைத் துணியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வந்தார். ஜெரோமிடம் இங்கிலீஷில் மெதுவாக ஏதோ சொன்னார். அவன் முகம் மாறியது.

"என்னல? திட்டுறாரா?"

"இல்லம்மா. அவங்க ஊர்ல செத்தவங்களுக்குப் படைக்கிற சோத்துலதான் குச்சிய இப்படி நட்டு வைப்பாங்களாம். மத்தபடி வைக்கவே கூடாதாம். வீட்ல யாரும் தவறிட்டாங்களான்னு கேக்குறாரு."

இப்போதுதான் மேஜைக்கு அடியில் போனால் தேவலை என்று இருந்தது. பதறிப்போய்க் குச்சியைப் பிடுங்கக் கை நீட்டினேன். அவர் வேண்டாம் என்று சைகை காட்டினார். ஜெரோம், "ஃபாதர்" என்றான். அந்த ஒரு சொல் எனக்கும் புரிந்தது. அவர் என்னைப் பார்த்து இல்லை, அந்தக் கிண்ணத்தைப் பார்த்துக் குனிந்தார். உள்ளே போய் எனக்கு வேறு கிண்ணத்தில் சோறு கொண்டுவந்தார். குச்சி நட்ட கிண்ணம் என் வீட்டுக்காரருக்கே இருக்கட்டும் என்றாராம்.

ஜெரோம் அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்பாவ ஒரு நாள் வச்சிருக்கக் கூடாதாம்மா?" என்றான்.

முள் வெளியே வந்துவிட்டது.

"படகுத்துறை ஜெட்டியிலிருந்து பெட்டியும் ஐஸும் அனுப்புறோம்னாங்கய்யா. அவரு காலம்பூரா மீனுக்கு அள்ளிப்போட்ட ஐஸு. அதுக்குள்ள அவர வச்சு மூட என்னால முடியல. வேற யாரும் அவசரப்படுத்தல. நான்தான் வேண்டாம்னுட்டேன்."

அவன் எனக்குப் பின்னால் இருந்த கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தான். "அதான் மீன் திங்கலியா?" என்றான். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். வாய் திறந்து அழுதான், சின்ன வயசில் ஜெட்டியில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்ட நாளில் அழுத மாதிரி. நான் கூச்சத்தில் என் முந்தானையால் அவன் தலையை மூடினேன். சீன அம்மா தன் டிஷ்யூ பாக்கெட்டை எங்கள் பக்கம் தள்ளிவிட்டாள்.

விசா முடிகிற வரைக்கும் ஞாயிறு பூசை விட்டால் அந்தக் கடைதான். வேறெங்கேயும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னைக் கண்டதும் கடைக்காரர் குனிந்து, "நமஸ்தே பையா!" என்பார். (என்னைத்தான்.) மீன் மட்டும் இன்றைக்கு வரைக்கும் இல்லை.

இப்போதும் ஊரில் விருந்து என்றால் ஷீலா போனில் ஆரம்பித்துவிடுவாள்: "அத்தையக் கூப்பிட்டா யோசிச்சுக் கூப்பிடுங்க. பந்தியத் துக்க வீடாக்கிருவாங்க." எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் டாலிகஞ்ச் வீட்டில் தனியாகப் பொங்கித் தின்னும்போது கரண்டியைக் குத்தித்தான் வைக்கிறேன்.

அந்த ஊர் வழக்கத்தை நான் சரியாகச் சொன்னேனா தெரியவில்லை. தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திப் போடுங்கள். மற்ற விவரம் ஜெரோமிடம் கேட்டுச் சரிபார்க்கலாம். ஆனால், "அன்னைக்கு நான் அழவே இல்ல, அந்தப் பச்சை உருண்டையோட காரம்தான்" என்பான். அதை மட்டும் நம்ப வேண்டாம். அவன் அதைத் தொடவே இல்லை.