ஒரே கை எழுதியது போல

"மறுபடியும் டேப்!"

வாத்தியார் தலையில் கை வைத்துக்கொண்டார். அந்த ஃபைலில் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் நாலு ஸ்பேஸ் வைத்துக் காலையில்தான் அழகாகச் சீர்படுத்தியிருந்தார். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் எல்லாம் ஒரே தட்டில் இடம் விடும் டேப், பழைய குருடி கதவைத் திறந்துகொண்டு நிற்கிறாள். யார் வேலை என்று தேடவும் வேண்டியதில்லை. எந்த வரி கடைசியாக யார் கணினியில் மாறியது என்று திரையின் ஓரத்திலேயே பெயர் காட்டும். வரிக்கு வரி பெரியவரின் பெயர்.

"என்ன பெரியவரே, மாத்திட்டீங்களே?"

"நான் எங்க மாத்தினேன் வாத்தியாரே? சும்மா திறந்தேன். கை தானா டேப் பக்கம் போயிடுச்சு. வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து வந்த பழக்கம்."

வாத்தியார் என்பது பட்டப்பெயர். நாலு பேர் கொண்ட குழுவுக்கு அவர் தலைவர். அடுத்தவர் எழுதியதைத் திருத்தாமல் அவருக்குச் சோறு இறங்காது. குழு செய்துகொண்டிருந்தது, மருத்துவமனையில் காத்திருப்பவர்களுக்கு டோக்கன் கொடுத்து வரிசையாகக் கூப்பிடும் மென்பொருள். டோக்கன் அச்சடிக்கும் பகுதியைப் பெரியவர் சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதினார். வரிசையைக் கவனிக்கும் பகுதியை அக்கா பைத்தானில் எழுதினாள். சுவரில் தொங்கும் திரை, எப்போதும் இஸ்திரி மடிப்புக் கலையாமல் வரும் மாப்பிள்ளையின் பொறுப்பு, அது ஜாவாஸ்கிரிப்ட். மூன்று மொழி, மூன்று பழக்கம். ஒரே அடுப்பில் மூன்று பேர் சமைத்த கதைதான்.

திங்கட்கிழமை மேலாளர் வந்து குண்டைப் போட்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியிலேர்ந்து ஒரு அம்மா நம்ம புரோகிராமைப் பார்க்க வராங்க. திறந்தா ஒரே கை எழுதின மாதிரி இருக்கணும். இல்லேன்னா ஒப்பந்தம் போச்சு. ஒப்பந்தம் போச்சுன்னா நாலு நாற்காலியும் காலி."

பெரியவர் ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலம்தான். அக்காவின் வீட்டில் அவள் ஒருத்திதான் சம்பாதிப்பவள். மாப்பிள்ளைக்கு இதுதான் முதல் வேலை. வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டார். 'கடவுளே, என் வேலை போனாலும் பரவாயில்லை. இந்த மூணு பேரையும் காப்பாத்து.'

டேப்பைவிடப் பெரிய தகராறு பெயர்களில் இருந்தது. ஒரே டோக்கன் எண்ணுக்கு அக்கா இரண்டு சொல்லுக்கு நடுவே அடிக்கோடு போட்டுப் பெயர் வைத்திருந்தாள். மற்ற இருவரும் இரண்டையும் ஒட்டி, நடுவில் ஓர் ஆங்கிலப் பெரிய எழுத்துப் போட்டிருந்தார்கள்.

"ஒரு பெரிய எழுத்தோட முடியற வேலைக்கு எதுக்குக்கா அடிக்கோடு?" என்றான் மாப்பிள்ளை.

"பேருக்கு நடுவுல திடீர்னு ஒண்ணு நிமிர்ந்து நிக்குதேடா, உன் தலைமுடி மாதிரி!"

சண்டை வளருமுன் வாத்தியார் அக்கா கட்சிக்குத் தீர்ப்புச் சொல்லி, திரைப் பகுதியில் அந்த எண்ணின் பெயரை ஒரே தட்டில் மாற்றினார். பெரியவரின் அச்சு இயந்திரம் மட்டும் பழைய பெயரிலேயே எண்ணை அனுப்பிக்கொண்டிருந்தது. திரைக்கு ஒன்றும் புரியவில்லை.

"சார், இங்க வாங்களேன்" என்றான் மாப்பிள்ளை பரிதாபமாக.

திரையில் கொட்டை எழுத்தில் ஓடியது: 'டோக்கன் எண் தெரியாது. உள்ளே வரவும்.'

"தெரியாதவர் உள்ளே போயிட்டார் சார். அடுத்து வர்றவரும் தெரியாதவர்தான்."

வாத்தியார் அசரவில்லை. ஒரு பெயரை இன்னொரு பெயராக மாற்றிச் சொல்ல, நடுவில் ஒரு சின்ன நிரலைத் தரகர் மாதிரி உட்கார வைத்தார். அவசரத்தில் அதை நான்காவதாக ஒரு மொழியில் எழுதினார். எண் வந்தது. அதோடு புதிதாக ஒரு எழுத்து நடையும் வந்து சேர்ந்தது.

"மூணு பேரைச் சேர்த்து வைக்க வந்தவரு நாலாவதா நின்னுட்டாரே" என்றார் பெரியவர்.

புதன்கிழமை வாத்தியார் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். வாசலில் ஒரு காவல் நிரல். யார் எதைச் சேமிக்க வந்தாலும் மொத்த நிரலையும் ஒரு சுற்றுப் பார்க்கும். எங்கே விதி மீறியிருந்தாலும் திருப்பி அனுப்பும், தலைவரின் கணினிக்கு மட்டும் விலக்கு. முதலில் பெரியவரைத் திருப்பி அனுப்பியது. பிறகு அக்காவை. பிறகு தரகரை. கடைசியில் காவல் நிரல் தன் ஃபைலையே பார்த்தது. பெரியவரின் கணினியில் உட்கார்ந்து எழுதியதால் அது முழுக்க டேப். தன்னையும் நிராகரித்துக்கொண்டது. அங்கேயே அதைத் திருத்திச் சேமிக்கப் போனால், மற்ற இடங்களில் குற்றம் இருக்கிறதென்று அந்தத் திருத்தத்தையும் நிராகரித்தது. காவல்காரன் தன்னையே உள்ளே போட்டுப் பூட்டிச் சாவியையும் விழுங்கிவிட்டான்.

வாத்தியார் மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். "முடிஞ்சுது. உங்களைக் காப்பாத்தறேன்னு கிளம்பி, நானே குழி தோண்டிட்டேன்."

யாரும் அவரைத் திட்டவில்லை. அக்கா ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"தலைவர் கணினியைக் காவல் தடுக்காதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அதுலயே எல்லாரும் உட்கார்ந்து கையாலயே மாத்திடலாம்."

வியாழக்கிழமை முழுவதும் ஒரே விசைப்பலகை. ஒருவர் தட்ட, ஒருவர் படித்துச் சொல்ல, ஒருவர் சரிபார்த்தார். மாப்பிள்ளை சட்டைக் கையை மடித்துவிட்டு, முணுமுணுக்காமல் தன் மிச்சப் பெரிய எழுத்துகளையும் அடிக்கோடாக மாற்றினான். அக்கா தனக்குப் பிடிக்காத இரட்டை மேற்கோள் குறிக்கு மாறினாள். பெரியவர் வரிக்கு நாலு முறை ஸ்பேஸைத் தட்டித் தட்டி, கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டார்.

"இவ்வளவு கஷ்டம் எதுக்கு பெரியவரே? நான் தட்டறேனே" என்றார் வாத்தியார்.

"என் பழக்கத்துக்காக அந்தப் பொண்ணு வேலை போகணுமா? தள்ளுங்க."

வாத்தியார் நகர்ந்துகொண்டார். விதி போட்டு வராத ஒழுங்கு, ஒருவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்ததில் வந்துவிட்டது. மாலையில் டோக்கன் எண் ஒழுங்காகத் திரையில் ஏறியது. தரகருக்கும் காவல்காரனுக்கும் விடை கொடுத்தார்கள். வாத்தியார் மறுபடி கண்ணை மூடினார். இந்த முறை நன்றி சொல்ல.

வெள்ளிக்கிழமை அந்த அம்மா வந்தார். மெல்லிய குரல், தடித்த கண்ணாடி. நால்வரும் சுவரோரமாக நின்றார்கள். பெரியவர் பிளாஸ்திரி விரலைப் பின்னால் மறைத்துக்கொண்டார். அந்த அம்மா ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து, நிதானமாக மேலிருந்து கீழே பார்த்தார். ஓரத்தையும் பார்த்தார்.

"ரொம்ப அழகா இருக்கு. ஒரே கை எழுதின மாதிரியே இருக்கு."

மேலாளரின் முகம் மலர்ந்தது. அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மாப்பிள்ளை பெரியவரின் தோளைப் பிடித்து அழுத்தினான்.

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, மேலாளரிடம் அதே மெல்லிய குரலில் கேட்டார்:

"முதல் வரியிலேர்ந்து கடைசி வரி வரைக்கும் ஓரத்துல தலைவர் சார் பேர்தான் இருக்கு, அப்ப மத்த மூணு பேருக்கும் இங்க என்ன வேலை?"