இருபத்தொன்பது நாள்தானே

ஒரு விஷயத்தை எண்ணி முடித்துவிட்டால் அது எனக்குப் புரிந்துவிட்டது என்று நம்பியே எழுபத்தோரு வயது வரை வந்துவிட்டேன். பார்த்த வேலை அப்படி. புள்ளியியல் துறையில் முப்பத்து நான்கு வருடம். கிணறு எத்தனை, எருமை எத்தனை, எத்தனை ஏக்கரில் நெல் என்று எண்ணி மேலிடத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தேன். வேலைக்கு ஓய்வு கொடுத்தார்கள். எண்ணுவதற்கு யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. எங்கள் வீட்டு மொட்டைமாடிக்கு இருபத்திரண்டு படி. (நீங்கள் கேட்கவில்லை, தெரியும். ஆனாலும் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள்.)

எங்கள் வீடு குற்றாலத்தில், அருவிக்குப் போகும் சாலைக்குப் பின்தெருவில் இருக்கிறது. நானும் மனைவி கோமதியும் மட்டும்தான். எங்களுக்கு இன்டர்நெட் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். ஒரே ஒரு காரியத்துக்கு. கோமதியின் அக்கா பிரமு மும்பையில் மகன் முருகனோடு இருந்தார். பக்கவாதம் வந்து படுக்கையாகிவிட்டார். பேச்சு போய்விட்டது, புத்தி போகவில்லை. தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு முருகன் அங்கே போனை அக்காவின் முகத்துக்கு நேராகப் பிடிப்பான். இங்கே கோமதி முழங்கால் வலியோடு, ஒரு படிக்கு ஐந்து விநாடி வீதம், மாடி ஏறிப்போய் மலையைக் காட்டுவாள்.

மலையில் வெள்ளைக்கோடு தெரிந்தால் அருவியில் தண்ணீர் விழுகிறது என்று அர்த்தம். தூரத்திலிருந்தே பார்த்துச் சொல்லிவிடுவது எங்கள் ஊர்க்காரர்களின் பழக்கம். மும்பையில் கட்டிலில் கிடந்தபடியே பிரமு அக்காவும் சொல்லுவார். தண்ணீர் இல்லையென்றால் கையை மூடிக்கொள்வார், கொஞ்சம் விழுந்தால் ஒரு விரல், நிறைய விழுந்தால் இரண்டு விரல்.

"சரியாச் சொல்லிட்டியேக்கா! இங்கன நிக்க எனக்கே தெரியல" என்பாள் கோமதி.

இருபது நிமிட அழைப்பில் அவ்வளவுதான் பேச்சு. மீதி நேரம் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து இணைப்பு எத்தனை முறை அறுகிறது என்று எண்ணிக்கொண்டிருப்பேன்.

அதிலிருந்துதான் வினை தொடங்கியது. ஒரு வருட ஒப்பந்தத்தில் அறுபத்தொரு முறை இணைப்பு அறுந்திருந்தது. நோட்டில் தேதி, மணி, நிமிடத்தோடு எழுதி வைத்திருந்தேன். ஒப்பந்தம் முடிகிற சமயத்தில் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்து, "இன்னொரு வருஷத்துக்கு நீட்டிச்சிரலாமா சார்?" என்று கேட்டாள். அறுபத்தொன்றையும் வரிசையாக வாசித்தேன். முப்பத்தேழாவதில் அவள் கொட்டாவி விட்டது கேட்டது. விடவில்லை. கடைசியில், "இனிமேல் உங்கள் சகவாசமே வேண்டாம். ஜூலை பதினெட்டாம் தேதி வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம்" என்று சொல்லி வைத்தேன். சுதந்திரப் போராட்ட வீரன் மாதிரி இருந்தது.

புதுக் கம்பெனிக்கு இந்தப் பக்கத்து ஆள் கடையநல்லூர் சம்சுதீன். நாற்பது வயது இருக்கும். சவூதியில் ஆறு வருடம் கேபிள் இழுத்துவிட்டு வந்தவர். ஜூலை முதல் வாரத்திலேயே வந்து பார்த்துவிட்டு, "இப்பமே போட்டுருதேன் அண்ணாச்சி. பழசும் கொஞ்ச நாளு ஓடட்டும். புதுசு ஒழுங்கா வருதான்னு பாத்துட்டு அதை வுட்டுருங்க" என்றார்.

"ஒரு வாய்க்கு எதுக்கய்யா ரெண்டு இலை? பதினெட்டாம் தேதி பழசு போகட்டும், அன்னைக்கே புதுசு வரட்டும்" என்றேன். ஒரு நாள்கூட இரண்டும் சேர்ந்து ஓடக் கூடாது, ஒரு நாள்கூட இடைவெளி விழக் கூடாது. எவ்வளவு கச்சிதம் என்று நானே வியந்தேன்.

பதினேழாம் தேதி காலை ஐந்து மணிக்கு அம்மன் கோயில் ஒலிபெருக்கி எழுப்பியது. படுக்கையில் கிடந்தபடியே, ஆடி பிறந்துவிட்டது என்று தெரிந்துகொண்டேன். எழுந்து உட்கார்ந்தேன். ஒப்பந்தம் இங்கிலீஷ் தேதியில் இருந்தது. என் பயம் தமிழ்த் தேதியில் இருந்தது. இரண்டையும் நான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை.

எனக்கு மூடநம்பிக்கை கிடையாது. ஆனால் புள்ளிவிவரம் உண்டு. கல்யாணமாகி நாற்பத்து மூன்று வருடத்தில் ஆடி மாதத்தில் மூன்று பொருள் வாங்கியிருக்கிறோம். கிரைண்டர், மோட்டார் கருகியது. மின்விசிறி, மூன்றாம் நாளே நின்றது. ஸ்கூட்டர், அதைப் பற்றிப் பேச வேண்டாம். மூன்றுக்கு மூன்று. நூறு சதவீதம். (மூன்று கிணற்றைப் பார்த்துவிட்டு நூறு சதவீதம் என்று ஒரு ஊழியன் எழுதியிருந்தால், பணியில் இருந்தபோது அவனுக்கு மெமோ கொடுத்திருப்பேன்.)

பதினெட்டாம் தேதி ஒயர்ச் சுருளோடு வந்து நின்ற சம்சுதீனிடம், "ஆவணி ஒண்ணாம் தேதி வாருங்க" என்றேன்.

"ஏன் அண்ணாச்சி?"

"ஆடி."

அவர் சுருளைத் தரையில் வைத்தார். "அண்ணாச்சி, நேத்து அம்மன் கோயில் ஆபீசுக்கே ஒரு கனெக்சன் குடுத்துட்டு வாரேன். அம்மனே வேண்டாம்னு சொல்லல."

கோமதி அடுப்படியிலிருந்து வந்தாள். "அக்காகிட்ட பேசுததுக்கு நாளு பாக்கணுமாக்கும்? என்ன சொல்லுதிய நீங்க?"

நான் கிரைண்டரில் ஆரம்பித்தேன். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். "எத்தன நாளு?"

"இருபத்தொன்பது நாள்தானே. அதுவரைக்கும் செல்போன் இருக்கு" என்றேன்.

அவள் அடுப்படிக்குத் திரும்பிப் போனாள். அன்று மத்தியானம் பழைய கம்பெனிக்காரன் வந்து பெட்டியைக் கழற்றிக்கொண்டு போனான். அது இருந்த இடத்தில் சுவரில் நான்கு ஆணி ஓட்டை.

ஆடி என்றால் எங்கள் ஊரில் சீசன் உச்சம். வந்த கூட்டம் முழுவதும் அருவியில் தலையைக் கொடுத்துவிட்டு, அதைப் படம் பிடித்து, அங்கேயே நின்று சொந்தபந்தங்களுக்கு அனுப்பும். எங்கள் தெருவுக்கு இருக்கும் ஒற்றை டவர் மூச்சு முட்டிக் கிடக்கும். இது எனக்குத் தெரியாத விஷயமா? வருடா வருடம் புலம்புவேன். ஆனால் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டேன்.

முதல் நாள் சாயங்காலம் செல்போனில் பிரமு அக்கா சதுரம் சதுரமாக வந்தார். "மூக்கு மட்டுந்தான் தெரியுது" என்றாள் கோமதி. அப்புறம் அதுவும் போனது. இரண்டாம் நாளிலிருந்து வெறும் குரல் அழைப்பு. பேச்சு இல்லாத அக்காவின் காதில் முருகன் போனை வைப்பான். இவள் இங்கேயிருந்து மலையைப் பற்றிச் சொல்லுவாள். பதிலுக்கு அங்கே எத்தனை விரல் நீண்டது என்று யாருக்குத் தெரியும்? ஒருநாள் நெடுநேரம் போனைக் காதில் வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தாள். என்ன என்று கேட்டேன்.

"மூச்சு கேக்குது" என்றாள்.

பக்கத்து வீட்டில் வைஃபை இருந்தது. சீசனுக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். அங்கே போய்க் கேட்கச் சொன்னாள். முன்பின் தெரியாதவர்களிடம் பாஸ்வேர்டு கேட்பது பல் விளக்கும் பிரஷ்ஷைக் கடன் கேட்பது போல் இருந்தது எனக்கு. மாட்டேன் என்றேன். அதற்குப் பதிலாக என் துறையின் வழியில் இறங்கினேன். நோட்டும் போனுமாக வீடு முழுக்க, வேளைக்கு வேளை, சிக்னல் கணக்கெடுத்தேன். பதினான்கு நாள் ஆய்வு. முடிவு: மாடியில் தண்ணீர்த் தொட்டியின் வடகிழக்கு மூலை, காலை ஐந்து நாற்பது முதல் ஆறு பத்து வரை, மூன்று கோடு. கூட்டம் அப்போதுதான் தூங்கும்.

ஆடி பதினேழு காலை. முருகனுக்குச் சொல்லி வைத்திருந்தேன். நான் முன்னால் ஏறிப்போனேன். வலது கையில் போன், இடது கையில் பாதி வாழைப்பழம். (சர்க்கரை மாத்திரைக்குப் பிறகு பாதிப் பழம், அது என் கணக்கு.) கோமதி பின்னால் ஏறிக்கொண்டிருந்தாள். போனை முகத்துக்கு நேராகப் பிடித்து அழைத்தேன். ஆச்சரியம், படம் வந்தது! முழு முகம். பிரமு அக்கா கண்ணைச் சுருக்கிப் பார்த்தார்.

"கோமதி, வந்துட்டாங்க, சீக்கிரம் வா!" என்று கத்தினேன்.

"வாரேன், வாரேன்" என்றாள். பதினெட்டாவது படியில் இருந்தாள்.

அப்போதுதான் தொட்டி மேல் இருந்த குரங்கைப் பார்த்தேன். பெரிய கடுவன். அது பழத்தைப் பார்த்தது. நான் அதைவிடக் கெட்டிக்காரன் அல்லவா? பழம் இருந்த கையைச் சட்டென்று முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். அது வலது கையில் இருந்ததை எடுத்துக்கொண்டு போய்த் தொட்டி மேல் உட்கார்ந்தது.

பாதி வாழைப்பழத்தைக் காப்பாற்றியவன் நான்.

குரங்கு போனை இரண்டு கையாலும் பிடித்து முகத்துக்கு நேரே வைத்து உற்றுப் பார்த்தது. போனிலிருந்து முருகன் குரல் வந்தது. "சித்தப்பா, போனக் கொஞ்சம் தள்ளிப் பிடிங்க. ஒங்க மூஞ்சி மட்டுந்தான் தெரியுது."

அதன் பின்னால் ஒரு சத்தம். கரகரவென்று, அறுந்து அறுந்து, மறுபடி தொடங்கி. எனக்கு என்ன சத்தம் என்று புரியவில்லை. படியில் நின்ற கோமதிக்குப் புரிந்தது.

"அக்கா சிரிக்கா! அது அக்காதான்! வாங்குங்க, அதுகிட்டருந்து வாங்குங்க!"

பழத்தை நீட்டினேன். இப்போது நீட்டினேன். குரங்கு யோசித்துப் பார்த்து ஒரு கையால் பழத்தை வாங்கிக்கொண்டது. இன்னொரு கையைத் திறந்தது. போன் தொட்டியில் பட்டு, கைப்பிடிச் சுவரில் பட்டு, பக்கத்து வீட்டுச் சிமெண்டுத் தரையில் விழுந்தது. கோமதி இருபத்திரண்டாவது படியில் கால் வைத்தாள்.

"சிரிச்சாளா?" என்று கேட்டாள். "எப்படி இருந்தா?"

நான் குரங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன், அக்காவைப் பார்க்கவில்லை.

இரண்டு நாளில் தென்காசி போய் வேறு போன் வாங்கினேன். அன்றைக்கே அங்கே அக்காவுக்கு மூச்சுத்திணறல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். உள்ளே போன் கொண்டுபோக விடவில்லை. ஆடி இருபத்து நான்கு மத்தியானம் போய்விட்டார். சாயங்காலமே எடுத்துவிடுவதாக முருகன் சொன்னான். ரயில் ஏறினால் போய்ச் சேர ஒன்றரை நாள். அவன் வீடியோவில் காட்டுவதாகச் சொன்னான். கோமதி தலையை முடிந்துகொண்டு கூடத்தில் தரையில் உட்கார்ந்தாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு ஆட்டோ பிடித்துத் தென்காசிக்குப் போயிருந்தால் நன்றாகத் தெரிந்திருக்கும். ஆறு கிலோமீட்டர்கூட இல்லை. வாழ்நாள் முழுக்க எண்ணியவனுக்கு அந்த ஒரு மணி நேரம் அது தோன்றவில்லை.

ஆவணி ஒன்றாம் தேதி, நல்ல நேரத்தில், சம்சுதீன் வந்தார். நாற்பது நிமிட வேலை. பழைய ஆணி ஓட்டையிலேயே புதுப் பெட்டியை மாட்டினார். விளக்கு பச்சையாக எரிந்தது. அவருக்கு எதுவும் தெரியாது.

"யாருக்காச்சும் வீடியோ கால் போட்டுப் பாருங்க அண்ணாச்சி. கண்ணாடி மாதிரி வரும்" என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். கோமதி முந்தானையில் கையைத் துடைத்தாள். "ஒங்கம்மா இருக்காங்களாய்யா?" என்று கேட்டாள்.

"இருக்காங்க ஆச்சி, கடையநல்லூர்ல."

"அவங்களுக்குப் போடுங்க."

சம்சுதீனின் அம்மா வந்தார். வெள்ளைத் துணி போர்த்திய தலை, ஒவ்வொரு சுருக்கமும் தெரிந்தது. ஒரு சதுரம்கூட இல்லை. இரண்டு பேரும் சாப்பிட்டாச்சா என்று கேட்டுக்கொண்டார்கள். "குத்தாலமா? அருவில தண்ணி வுழுதாம்மா?" என்று கேட்டார் அந்தம்மா. கோமதி எழுந்து ஒவ்வொரு படியாக மாடிக்கு ஏறினாள். நான் பின்னாலேயே போனேன். மலைக்கு நேராகப் போனைப் பிடித்தாள். கேமராவுக்கு முன்னால் இரண்டு விரலை நீட்டிக் காட்டினாள். அந்தம்மாவுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

இப்போது வீட்டில் விசேஷம் என்று நாலு பேர் கூடினால் முருகன் ஆரம்பித்துவிடுவான். "எங்கம்மா கண்ணை மூடுமுன்ன கடைசியாப் பாத்த குத்தாலத்து ஆளு சித்தப்பாதான். அன்னைக்கு ரொம்பக் களையா இருந்தாக!" என்பான். "போனத் தள்ளிப் பிடிங்க சித்தப்பா" என்று பேரன் பேத்திகள்வரை கத்துவார்கள். மறந்துபோய் அவன் சொல்லாமல் விட்டால் கோமதியே, "ஏலே முருகா, அந்தக் கொரங்கு கதையச் சொல்லுலே" என்பாள்.

இதுவரை பதினோரு முறை சொல்லியிருக்கிறான். பதினோரு முறையும் சிரிப்பு அடங்கியதும் அவள் ஒரே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறாள்.

"நெசமாவே சிரிச்சாளாலே?"

"சத்தமாச் சிரிச்சாங்க சித்தி. கட்டில் ஆடிச்சு."

பிறகு எல்லோரும் என் பக்கம் திரும்புவார்கள். நான் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இடது விலாவை வறட் வறட்டென்று சொறிந்து காட்டுவேன். அதற்கு அப்புறம்தான் அவள் சிரிப்பாள்.