மணவாளனின் எழுபத்து நான்கு கிலோ

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்காம் ஆண்டு, மாசி மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை, காலை ஐந்தே முக்கால் மணி. கும்மிடிப்பூண்டியில் பனி இன்னும் விலகவில்லை. குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு மணவாளன் தம் இடுப்பில் இரும்பைக் கட்டிக்கொண்டிருந்தார்.

புத்தி பிசகியவர் அல்லர். எஃகு ஆலை ஒன்றில் எடைக் குமாஸ்தா. பழைய இரும்பு மூட்டையைக் கையால் தூக்கிப் பார்த்தே அரைக் கிலோ பிசகாமல் எடை சொல்வார் என்று ஆலையில் பெயர். அந்தப் பெயரில் அவருக்கு வேண்டியதைவிடச் சற்றுக் கூடுதலான மயக்கம் உண்டு.

ஐந்து மாதங்களுக்கு முன், புரட்டாசியில், எடைமேடையின் பக்கத்திலேயே மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிழைத்து வீடு திரும்பியதும் டாக்டர் பாக்கியநாதன் இரண்டு கட்டளைகள் இட்டார். சிகரெட்டைத் தொடக் கூடாது. உடம்பு பெருக்கக் கூடாது. முதற்கட்டளையை மணவாளன் நிறைவேற்றினார். அதில் அவரைக் குறை சொல்வதற்கில்லை. நாளொன்றுக்கு இருபது பிடித்தவர் ஒன்றுகூடப் பிடிக்கவில்லை. ஆனால் சிகரெட் இல்லாத வாய் சும்மா இருக்கவில்லை. வேர்க்கடலை கேட்டது, முறுக்கு கேட்டது, இரண்டாம் முறை சோறு கேட்டது. அறுபத்தொன்றாக இருந்த எடை அறுபத்தாறு ஆயிற்று.

அவருடைய அறிவு வேலை செய்யத் தொடங்கியது அப்போதுதான். சிகரெட்டை விட்டதால் எடை கூடிற்று. எடை கூடினால் இதயத்துக்குக் கேடு. ஆகவே இதயத்தின் நலத்தை முன்னிட்டு நாளொன்றுக்கு இரண்டு சிகரெட். டாக்டரே அனுமதி தருவார். ஆனால் ஐந்து கிலோவுக்கு அந்த மனிதர் அசையமாட்டார். பதினொரு கிலோ என்றால் அசைவார்.

மீதி ஆறு கிலோவை மணவாளன் இரும்பால் நிரப்பினார். பழைய வேட்டியைக் கிழித்துக் குழல் போலத் தைத்து, கதவுக்கு வேண்டும் என்று மேஸ்திரியிடம் கேட்டு வாங்கிய துண்டுக் கம்பிகளை உள்ளே திணித்தார். செவ்வாயன்று ஆலையில் ஆளில்லாத நேரம் பார்த்து, அதைக் கட்டிக்கொண்டு எடைமேடையில் ஏறினார். எழுபத்திரண்டு. மயிரிழையும் பிசகவில்லை. வியாழக்கிழமை டாக்டரிடம் போகவேண்டிய நாள்.

"இன்னாங்க, உள்ளயே தூங்கிட்டீங்களா?" என்றாள் கதவுக்கு வெளியே மனைவி சம்பூர்ணம்.

"வரேன்டி. வெறும் வயிறு. நிக்கவே பாரமா கீது."

"வெறும் வயித்துல பாரமா? அது இன்னா அதிசயம்?"

"அசதி, அசதி."

"சரி, நடக்க வேணாம். ரிக்‌ஷா சொல்லிக்கீறேன்."

மழைக்காலத்தில்கூட ரிக்‌ஷா வைக்காதவள். தம்மேல் பாசம் பெருகிவிட்டது என்று மணவாளன் நம்பினார். பதினெட்டு ஆண்டு மணவாழ்க்கைக்குப் பிறகும் ஆண்களுக்கு இவ்வகை நம்பிக்கை போவதில்லை.

மருத்துவமனையில் டாக்டர் பாக்கியநாதன் அவர் மார்பில் குழலை வைத்துக் கேட்டார். "நல்லா அடிக்குது. இருமலும் போயிடுச்சு. சிகரெட்டை விட்டதோட பலன் இது. எடை மெஷின்ல ஏறுங்க."

முள் எழுபத்து நான்கில் நின்றது.

மணவாளனால் பொறுக்க முடியவில்லை. "டாக்டர், மெஷின் தப்பு. ரெண்டு கிலோ கூட காட்டுது."

"எப்படிச் சொல்றீங்க?"

"எழுபத்திரண்டுதான் இருக்கணும்."

"இருக்கணுமா?"

"இல்ல, இருக்கும்னு ஒரு நெனப்பு. நான் எடைக்காரன் டாக்டர். இருபது வருஷ சர்வீஸ்."

"தள்ளுங்க, நான் ஏறிப் பாக்கறேன்," என்று கூட வந்திருந்த சம்பூர்ணம் ஏறினாள். "அம்பத்தொண்ணு. அரிசி மண்டித் தராசுலயும் இதான் காட்டிச்சு. மெஷின் மேல பழி போடாதீங்க."

தொழில் மானத்தை விழுங்கிக்கொண்டு மணவாளன் காரியத்துக்கு வந்தார். "பதிமூணு கிலோ ஏறிப்போச்சு டாக்டர். எல்லாம் சிகரெட்டை விட்டதால. ரொம்ப பேஜாரா கீது. ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு..."

"மணவாளன், சிகரெட்டை விட்டவங்களுக்கு நாலஞ்சு கிலோ ஏறும். அதுக்காக நான் கவலைப்படறதில்லை. அஞ்சு கிலோவோட வந்திருந்தா கை குலுக்கி அனுப்பியிருப்பேன். அந்த அஞ்சு கிலோவைவிட ஒத்தை சிகரெட் உங்க இதயத்துக்குக் கெடுதல். ஆனா, பதிமூணு?"

பேனாவைத் திறந்தார். காலையில் ஒரு மைல் நடை, மாதக் கடைசிக்குள் மூன்று மைல். சோறு ஒரு வேளை. இரவில் கேழ்வரகுக் கஞ்சி. வேர்க்கடலை, முறுக்கு, வடை கிடையாது. வியாழன்தோறும் எடை.

ரிக்‌ஷா வீடு நோக்கித் திரும்பியது. ரயில்வே கேட்டை எட்டுவதற்குள் மணவாளனின் நெஞ்சுரம் தீர்ந்துபோயிற்று.

"சம்பூர்ணம், ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத. இடுப்புல ஆறு கிலோ இரும்பு கட்டிக்கினு போனேன்."

"ஆறு இல்ல, எட்டு."

மணவாளன் இடுப்புக் கட்டைக் கையால் தூக்கிப் பார்த்தார்.

"நேத்து பரண்ல ஆப்டுச்சு. அது இன்னா தையல்? டாக்டர் முன்னால பிரிஞ்சு கொட்டியிருக்கும். நான்தான் ரெட்டைத் தையல் போட்டேன். போட்டுக்கினே ரெண்டு கிலோ சேத்துட்டேன்."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"சாயங்காலமே போய்ச் சொல்லிட்டேன். சிரிக்காம இருக்கறது கஷ்டம்மான்னாரு. இருந்துட்டாரு, பாவம்."

"அப்ப அந்தக் கஞ்சி, நடை?"

"எழுதினது எழுதினதுதான்."

சற்றுத் தூரம் சென்றபின் அவள் குரல் தாழ்ந்தது. "புரட்டாசியில உங்கள லாரியில படுக்கவச்சு இட்டாந்தாங்க. மூஞ்சி சாம்பலாப் பூட்டிருந்துச்சு. பதினோரு நாள் ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்துக்கினு இருந்தேன். இன்னொரு வாட்டி உக்கார என்னால ஆவாது. இரும்பு கட்டுங்க, கல்லு கட்டுங்க. சிகரெட்டு மட்டும் கிடையாது."



முதல் வாரம் முனகிக்கொண்டே நடந்தார். இரண்டாம் வாரம் முனகல் நின்றது. பங்குனியில் அவள் எழுப்புமுன் எழுந்து செருப்பை மாட்டினார். சித்திரைக் கடைசியில் முள் அறுபத்திரண்டில் நின்றபோது, மாவட்டத்திலேயே பிசகாத மெஷின் இதுதான் என்று டாக்டருக்குச் சான்று கொடுத்தார். இதயமும் தன் வேலையைச் செவ்வனே பார்த்தது.

ரிக்‌ஷாவுக்குப் போகவர ஒன்றேகால் ரூபாயைச் சம்பூர்ணம் அன்றே தன் காசிலிருந்து கொடுத்துவிட்டாள். அந்த இரண்டு கிலோ இரும்புக்குப் புதன்கிழமையே பழைய இரும்புக் கடையில் அவள் கொடுத்த ஒரு ரூபாய் இருபது காசு மட்டும் மணவாளனுடையது: அனுமதி கிடைத்ததும் முதல் பாக்கெட் வாங்கவென்று, அலமாரிக் காகிதத்துக்கு அடியில் அவர் ஒளித்து வைத்திருந்த காசு அது.