தயாளன் அனுப்பிய மரகதம்

ஜார்ஜ் டவுன்,
புதன்கிழமை.

அன்புள்ள மைத்துனன் தயாளனுக்கு அத்தான் எழுதுவது,

கோலாலம்பூரில் நீயும் பிள்ளைகளும் குறையின்றி இருக்க முருகன் துணை. இங்கும் அப்படியே என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. போனில் சொல்லலாமே என்பாய். உன் அக்கா செல்வநாயகி போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கடிதமென்றால் பயமில்லை, அவளால் இப்போது வாசிக்க முடியாது.

இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, இனியும் தள்ளிப்போட்டால் ஆபரேஷன் சிரமம் என்கிறார் டாக்டர். இவளோ கண்ணுக்கு நல்லதென்று நீ அனுப்பிய மரகதத்தைக் காலையும் மாலையும் இமையில் ஒற்றிக்கொண்டு, "அவரு கத்தி வைப்பாரு. கல்லு புரையக் குளிர்ச்சியா இழுத்துரும் லா" என்கிறாள். அறிவியல் சொல்லிக்கொடுத்தே தலை நரைத்தவன் சும்மா இருப்பேனா? பெரில் என்ற கனிமத்துக்குத் தனியாக நிறமில்லை, துளி குரோமியம் சேர்ந்தால் பச்சை, நம் குளியலறைக் குழாயின் மினுமினுப்பும் அதே குரோமியம்தான், குழாயை யாராவது கண்ணில் ஒற்றுகிறார்களா என்று கேட்டேன். "குழாயத் தம்பி அனுப்பலையே" என்றாள்.

போன வாரம் பாசாரில் நானென்று நினைத்து வேறொருவர் கையைப் பிடித்துக்கொண்டு, மீன் வாங்கக்கூடத் தெரியவில்லை என்று ஏசியிருக்கிறாள். அந்த மனிதர் பேசாமல் கேட்டுக்கொண்டே நடந்திருக்கிறார், அவருக்கும் பழக்கம் போல. சிரித்தோம். மறுநாள் வாசல் லொங்காங்கில் கால் தவறி விழுந்தாள். அந்தச் சாக்கடைத் தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு முதலில் தேடியது கல்லைத்தான். அதற்குப் பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்று புதன் பகவானுக்குரிய நாள், அவர் கல் மரகதம், அவர் தானியம் பச்சைப்பயறு, ஆகவே கல்லுக்குப் பலம் ஏற நேற்றே பயற்றுக்குள் புதைத்து வைத்தாள். காலையில் பச்சைக்குள் பச்சை அந்தக் கண்ணுக்கு எப்படித் தெரியும்? பயற்றோடு கல்லும் வெந்தது. முதல் கவளத்திலேயே என் கடைவாய்ப்பல் போயிற்று. பல்லின் கடினம் ஐந்து, மரகதத்துக்கு ஏழரைக்கு மேல். கல்லில் ஒரு கீறல் இல்லை. "பாத்தீங்களா, ஒரிஜினல்" என்கிறாள், பல்லைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது.

ஒன்று கேட்கிறேன் தம்பி. உடனே போன் பண்ணி, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான், அது வெறும் கண்ணாடி என்று அவளிடம் சொல்லிவிடு. நான் சொன்னால் அவளுக்கு அது பாடம், நீ சொன்னால்தான் சேதி. பொய் சொல்லக்கூடாதென்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லி வந்தவன் இதைக் கேட்கிறேன் என்றால் நிலைமையை நீயே ஊகித்துக்கொள்.

உன் வீட்டு விளக்கு மங்காமல் எரிய வாழ்த்தும்,
அத்தான் விநாசித்தம்பி

பி.கு.: உறையை ஒட்டும்போது அக்கா கல்லோடு வந்து நின்றாள். "ஏங்க, பச்சையே போயிருச்சே. மண்ணு மாதிரி இருக்கு. பலத்தையெல்லாம் எனக்குக் குடுத்துட்டு வெளுத்துப்போச்சு, பாவம். இனி டாக்டர்தான், நாளைக்கே கூட்டிட்டுப் போங்க" என்றாள். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். மழையில் நனைந்த வாழையிலைபோலப் பச்சையாகத்தான் இருந்தது. ஆமாம், வெளுத்துவிட்டது என்றேன். மேலே எழுதியதை மறந்துவிடு. போன் பண்ணினால் கண்ணாடி என்று தப்பித் தவறியும் சொல்லாதே. அசல் மரகதம்தான் இப்படி வெளுக்கும் என்று சொல்.