படுத்திருந்தவரை அளந்த கதை

எனக்குத் தையல்காரர்கள் என்றால் பயம். பழைய சட்டையை நீட்டி, "இதே மாதிரி" என்று சொல்லிவிட்டு ஓடி வந்துவிடுவேன். (அந்தப் பழைய சட்டையும் அப்படித் தைத்ததுதான். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக லூசாகி, இப்போது போட்டிருப்பதில் இன்னொருவர் வாடகைக்கு இருக்கலாம்.)

எல்லாம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் மதுரையில் பி.ஏ. படித்தபோது வந்த வினை. மானிடவியல் சொல்லித்தரப் புதிதாக வந்த பேராசிரியர், "புத்தகத்தை மூடுங்கள். மனிதர்களைப் போய்ப் பாருங்கள்" என்றார். பார்ப்பது என்றால் அளப்பது. தலை, மூக்கு, உயரம் எல்லாவற்றையும் அளந்துவிட்டால் மனிதகுலமே விளங்கிவிடும் என்று அந்தக் காலத்தில் ஒரு நம்பிக்கை. அவரிடம் ஒரு சபாஷ் வாங்க நான் எதற்கும் தயாராக இருந்தேன்.

அவரும் நானும் போனது மேலூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். உச்சி வெயில். எங்கள் கையில் இருந்த கருவிகளைக் கண்டதும் ஒவ்வொரு கதவாகச் சாத்திக்கொண்டது. நாய்கூடக் குரைக்கவில்லை. வேப்பமரத்தடியில் ஒருவர் மட்டும் வேட்டியால் தலையோடு கால் போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பினால் இவரும் ஓடிவிடுவாரே! தோல் உறையிலிருந்து அளவு நாடாவைச் சர்ரென்று உருவி, உச்சந்தலையிலிருந்து பாதம் வரை அளந்துவிட்டேன்.

பின்னால் குடம் விழுந்து உடைந்தது. அவருடைய மனைவி நின்றிருந்தார்.

"ஏய்யா, கெடக்குற ஆளை அளந்தீகளே! குழி வெட்டுறவன்தானய்யா அப்பிடி அளப்பான்!"

அவர் விழித்து நாடாவைப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"அளந்தாச்சா? அம்புட்டுத்தான். காளையத் தம்பிகிட்ட விட்ரு" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, மறுபடி படுத்து முகத்தை மூடிக்கொண்டார். கையைத் தொட்டுப் பார்த்தேன். அந்த வெயிலிலும் சில்லிட்டிருந்தது. ஒரு மனிதரைக் கொன்றே விட்டேனோ!

"அதே நாடாவால உங்களைத் திருப்பி அளந்தாத்தான் அவுக எந்திரிப்பாக. படுங்க" என்றார் அந்த அம்மாள்.

படுத்தேன். அவர் போர்த்தியிருந்த வேட்டியையே உருவி என்மேல் மூடினார்கள். கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. நாடா என் பாதத்திலிருந்து மெல்ல மேலே ஊர்ந்தது. சுற்றிலும் பெண்கள் ஒப்பாரி வைக்க ஆரம்பித்தார்கள்.

"சங்கரா, வாழாமப் போனியே!"

என் பெயர்தான். அங்கே யாரிடமும் நான் பெயர் சொல்லவில்லை. பதறி எழப் பார்த்தேன்.

"அசையாதேப்பா! அபூர்வமான சடங்கு!" என்றார் பேராசிரியர். பென்சில் பரபரவென்று ஓடியது.

"என்னையவிட ஒரு சாண் கம்மிதான்" என்று ஒரு குரல். வேட்டி விலகியது. செத்துக்கொண்டிருந்தவர் கையில் நாடாவோடு என்மேல் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார். "எந்திரிங்க தம்பி, கூழு குடிச்சிட்டுப் போகலாம்."

திரும்பும்போது, "என் பெயரை நீங்களா சொன்னீர்கள், சார்?" என்று கேட்டேன். "நீ சொன்னாய் என்றல்லவா நினைத்தேன்" என்றார் அவர். சபாஷ் கிடைத்தது. நாடாவையும் எனக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார்.

நான் மதியம் அசந்து தூங்கினால் என் மனைவி தோளைத் தட்டி எழுப்புவதில்லை. அந்த நாடாவைச் சர்ரென்று உருவுவாள். நான் துள்ளி எழுவேன், வீடே சிரிக்கும். போன மாதமும் அந்தச் சர்ரென்ற சத்தம் கேட்டு அப்படித்தான் எழுந்தேன். "போதும், உள்ளே வை!" என்று கத்தினேன். காலையிலேயே எல்லாரும் திருப்பரங்குன்றம் போயிருந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

சாயங்காலம் அவர்கள் வந்ததும் சொன்னேன். இப்போது இதையும் சேர்த்துச் சொல்லிச் சிரிக்கிறார்கள்.