சோகைப் புகையும் எண்ணூற்றுப் பன்னிரண்டும்

வெள்ளிமலை,
வெள்ளி காலை தொடங்கி திங்கள் மாலை முடித்தது.

மதிப்புக்குரிய மச்சான் தெய்வசிகாமணி அவர்களுக்கு, சடையன் தன் கையாலேயே எழுதிக்கொண்டது. இங்கே நானும் ரங்கம்மாளும் சாமைப் பயிரும் நலம். அங்கே என் தங்கையும் கல்யாணப் பெண் கலையரசியும் கரும்பும் நலமா?

முதியோர் வகுப்பில் படித்துவிட்டு, பஸ்ஸில் எழுதியிருப்பதை எல்லாம் சத்தமாகப் படித்து கண்டக்டரைப் படுத்திக்கொண்டிருந்த எனக்கு, காலேஜ் பெண் கவியா ஒரு வேலை கொடுத்தாள். காற்றில் கரியமில வாயு வருஷா வருஷம் ஏறுகிறதாம். அதை அளக்கும் பெட்டியை என் கொல்லையில் கம்பம் நட்டு மாட்டினாள். தினமும் காலையில் அதில் தெரியும் எண்ணை நான் நோட்டில் எழுத வேண்டும். "மலைக் காத்து தாத்தா, நானூத்திச் சொச்சம்தான் வரும்" என்றாள்.

முதல் நாளே எண்ணூற்றுப் பன்னிரண்டு! மறுநாள் தொள்ளாயிரத்து நாற்பது! பெட்டியில் மூக்கு இடிக்க நின்று, ஒவ்வொரு எண்ணாக வாய்விட்டுப் படிப்பவன் நான், தப்பு வராது. எழுதிவிட்டு நிமிர்வதற்குள் இன்னும் ஏறிவிடுகிறது. அவ்வளவு வேகமாக உலகம் கெட்டுக்கொண்டிருக்கிறது. ரங்கம்மாளின் அடுப்பை அணைத்தேன், மூன்று நாள் பழைய களி தின்றேன், பாதையில் நின்ற ஜீப்பைத் தள்ளி நிறுத்தச் சொன்னேன். ஜீப்காரன் சொன்னதை எழுதும் அளவுக்கு நான் இன்னும் படிக்கவில்லை. எண் இறங்கவில்லை. அப்போதுதான் நினைவு வந்தது, மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டிய கையோடு காய்ந்த இலைச் சோகையைக் கொளுத்துகிறவர் நீங்கள். போனில் கேட்டால், "எங்கூட்டுப் பொகை பஸ் புடிச்சா மலை ஏறுது மச்சான்?" என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனிமேல் கொளுத்த மாட்டேன் என்று நீங்கள் எழுதித் தராவிட்டால், அடுத்த வார ஞாயிற்றுக்கிழமை கலையரசி கல்யாணத்துக்குத் தாய்மாமன் மாலை வராது. அது இல்லாமல் பெண் எப்படி மணையில் உட்காருவாள் என்று நீங்களே யோசியுங்கள்.

தங்கைக்கும் பெண்ணுக்கும் என் ஆசி உண்டு. உங்களுக்கு உங்கள் பதிலைப் பார்த்துத்தான்.

இப்படிக்கு,
சடையன் (கையெழுத்து, கைநாட்டு அல்ல)

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுமுன் பெட்டியைப் படிக்கப் போனேன். "இன்னாய்யா, பொட்டிக்கு முத்தம் குடுத்துக்கினு கீற? களி ஆறுது, வா" என்று ரங்கம்மாள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். தள்ளி நின்று திரும்பிப் பார்த்தால் நானூற்று முப்பது. கிட்டே போனால் ஏறியது. கவியாவைக் கேட்டேன். "நீங்க விடற மூச்சும் அதே வாயுதான் தாத்தா!" என்று விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, "ஆனா உலகம் பூரா போன வருஷத்துக்கு இந்த வருஷம் ரெண்டு மூணு ஏறித்தான் இருக்கு, அது உங்க மூச்சு இல்ல" என்றாள்.

நாலு நாள் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை. மேலே உள்ளதை என் எழுத்தழகுக்காக மட்டும் படியுங்கள். மாலையோடு சனிக்கிழமையே வருகிறேன். அந்த ரெண்டு மூணில் உங்கள் சோகை எவ்வளவு என்பதைப் பந்தி முடிந்ததும் பேசிக்கொள்வோம்.