சிறகு வைத்த நாற்காலி

நோட்டீஸ் போர்டில் படம் ஏறி மூன்று நாளாகியும் ஒரு வரிகூட வரவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸ் கிளார்க் கலியமூர்த்தி மணிக்கொரு தரம் போய்ப் போர்டைப் பார்த்துவிட்டு வந்தார்.

தொழிலாளர் மன்றத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு அவர்தான் ஆசிரியர். போன இதழின் ஆறு கதைகளையும் ஆறு புனைபெயர்களில் அவரே எழுதியிருந்ததை மன்றத் தலைவர் கண்டுபிடித்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆண்டுவிழாவுக்குள் மற்றவர்களிடமிருந்து நாலு கதையாவது வராவிட்டால் பத்திரிகையை நிறுத்திவிடுவதாகச் சொல்லியும்விட்டார்.

கேட்டவர்கள் எல்லோரும் எதைப் பற்றி எழுதுவது என்றே திருப்பிக் கேட்டதால்தான் கலியமூர்த்தி படம் வரைந்து ஒட்டினார். இரண்டு சிறகுகளோடு ஒரு நாற்காலி. கீழே, 'இதைப் பார்த்ததும் உள்ளே எழுவதைச் சனிக்கிழமைக்குள் கொடுக்கவும்.'

நாலாம் நாள் லேத் ஓட்டும் டர்னர் ஜேம்ஸ் படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றார். கலியமூர்த்தி ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

"இன்னா தோணுது ஜேம்ஸ்?"

"சைடு வியூ இல்லியே சார். றெக்கை எங்க சேருதுன்னே தெரியல."

கிளம்பிய ஆர்வத்தை அணைக்கக் கூடாதென்று பக்கவாட்டுத் தோற்றத்தையும் வரைந்து ஒட்டினார். மதியம் படத்தைச் சுற்றி எட்டுப் பேர். இந்த றெக்கைக்கு இந்தக் கால் தாங்காது என்றார் ஃபிட்டர் பூங்காவனம். அளவு போடாத படத்தை எவன் மதிப்பான் என்று வெல்டர் உலகநாதன் கேட்டார். சிறகு ஒவ்வொன்றும் மூன்றடி என்று குத்துமதிப்பாக அளவும் போட்டார் கலியமூர்த்தி.

வெள்ளிக்கிழமை கேன்டீனில் சாம்பார் ஆறிக்கொண்டிருக்க, றெக்கைக்குக் கீலா ஸ்பிரிங்கா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை நடந்தது. ஒரு படம் இத்தனை பேரைப் பேசவைத்துவிட்டதே என்று கலியமூர்த்திக்குப் புல்லரித்தது. இருபது கதை வந்தால் எதைத் தள்ளுவது என்ற கவலைகூட வந்துவிட்டது.

சனிக்கிழமை மாலை, கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டு வாசலில் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்று வந்து நின்றது. ஜேம்ஸும் உலகநாதனும் பூங்காவனமும் பெயின்டர் கஜபதியும் மூச்சுவாங்க அதிலிருந்து ஒரு நாற்காலியை இறக்கினார்கள். ஜேம்ஸ் கைப்பிடியை இழுத்தார். இரண்டு இரும்புச் சிறகுகளும் கிறீச்சென்று விரிந்தன. தெருவே கூடிவிட்டது. கலியமூர்த்தியின் மனைவி பத்மா ஈரத் துண்டு ஒன்றை ஒரு சிறகின் மேல் போட்டுப் பார்த்து, தாங்குகிறது என்றாள்.

"கதை எங்கப்பா?" கலியமூர்த்தி வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். "நாளைக்கு விழா."

"படம் வரஞ்சி, அளவு போட்டு, தேதியும் போட்டுக் குடுத்தா செய்யாம இன்னா பண்ணுவோம்?" என்றார் உலகநாதன் பாவமாக. "எழுதறதெல்லாம் நமக்கு எங்க சார் வரும்?"

பத்திரிகை அவ்வளவுதான். கலியமூர்த்தி அந்த நாற்காலியிலேயே தொப்பென்று உட்கார்ந்தார்.

கஜபதி முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"காயிதம் எடு சார். இத்த வெளிய கொண்டாரப்போ கேட்டாண்ட மறிச்ச வாட்ச்மேன்கிட்ட நாங்க நாலு பேரும் ஆளுக்கொரு கதை சொல்லிட்டு வந்துகீறோம், மறக்கறதுக்குள்ள எழுதிக்கோ."